மலைநாட்டுக் கணினிகள் – 7: டிவிஷனுக்கு ஒரு பூட் பென் டிரைவ்

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வந்து, பத்து வருடம் உலகம் முழுக்க ஓடிய பதிப்பு. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நான் கையில் எடுக்கும் லெப்டொப்களில் பெரும்பாலானவை இன்னும் அதில்தான் ஓடுகின்றன. கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளை, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் செகண்ட் ஹேண்டாக வாங்கி, தீபாவளிக்கு வரும்போது தங்கச்சியின் படிப்புக்கென்று கொண்டுவந்து கொடுத்தவை அவை. ஏதோ ஒரு கம்பனி ஐந்தாறு வருடம் பாவித்துவிட்டுக் கழித்தவை. புரொசெஸர் இன்டெல்லின் நாலாம், ஐந்தாம், ஆறாம் தலைமுறை.

விண்டோஸ் 11 இவற்றை ஏற்பதில்லை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், செக்கியுர் பூட் வசதி வேண்டும், 4 ஜி.பி. ரெம், 64 ஜி.பி. இடம் வேண்டும். கடைசி இரண்டும் நம் பழைய கணினிகளில் உண்டு. முதல் இரண்டில்தான் தடுக்குகிறது. “இது இனிச் சரிவராது, புதுசு எடுங்க” என்று டவுனில் சொல்லிவிடுகிறார்கள். புதுசு என்றால் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். கொழுந்து பறிக்கும் ஒருவரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில்தான் 1,350 ரூபாயாக வர்த்தமானியில் வந்தது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஒரு தவணை இருக்கிறது. வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை திருத்தங்களை நீட்டித்துத் தருவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. அதற்கு 30 டாலர் கட்ட வேண்டும். நம் பணத்தில் ஒன்பதாயிரம் ரூபாய் அளவு, ஒரு தொழிலாளியின் ஒரு வார உழைப்பு. அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்கொன்றில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அவர்களுடைய மேகத்தில் சேமிக்கச் சம்மதித்தால் காசில்லாமல் கிடைக்கும். வேறு வழியே இல்லாத கணினிக்கு இதைச் செய்துகொள்ளுங்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் அது தவணைதான்.

நான் இந்த வாரம் சொல்ல வருவது வேறு. சென்ற வாரம் சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதைப் பார்த்தோம். அப்படி ஒரு எஸ்.எஸ்.டி. ஏறிய பழைய லெப்டொப் இன்னும் ஐந்து வருடம் ஓடும். அதற்கு வேண்டியது புதிய இயங்குதளம் ஒன்று. அதை ஏற்ற வேண்டியது ஒரு 8 ஜி.பி. பென் டிரைவ். அதைச் சரியாகத் தயாரிக்கத் தெரிந்த ஒருவர் தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனிலும் இருக்க வேண்டும். டவுனுக்குப் பஸ் ஏற்றி அனுப்பி, என்ன செய்தார்கள் என்றே தெரியாமல் திரும்ப வாங்கி வரும் பழக்கம் நம்மை விட்டுப் போக வேண்டும்.

பென் டிரைவ் ஏன் என்றால், நம் இடத்தில் இணையம் அப்படி. மஸ்கெலியா பக்கத்தில் ஒரு மேட்டு லயத்தில் இஸ்தோப்பின் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் எடுக்கும். விண்டோஸ் 11இன் கோப்பு 5 ஜி.பி.யைத் தாண்டியது. விண்டோஸுக்கு மாற்றாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் 3 ஜி.பி. அளவில் வரும். பாடசாலைக் கணினி அறையில் பத்து கணினி இருந்தால் பத்துக்கும் தனித்தனியாக இறக்குவது நடக்கிற காரியமில்லை. நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் இரவு டேட்டாவில் ஒருமுறை இறக்கினால், ஒரே பென் டிரைவில் பத்துக்கும் போடலாம், பக்கத்துத் தோட்டத்துக்கும் கொண்டுபோகலாம்.

இது புதிய யோசனையும் இல்லை. உபுண்டு என்ற லினக்ஸை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் 2005 முதல் 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக சி.டி. அனுப்பியது. முகவரி கொடுத்தால் தபாலில் வரும். ஒருவரிடம் வந்த சி.டி. எத்தனை கணினிக்கு ஏறியது என்று யாரும் எண்ணவில்லை. நம் மலைகளின் பெயரிலேயே ஒரு லினக்ஸ் இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள். கண்டிக்கு மேலே, தேயிலை அருங்காட்சியகம் இருக்கும் அந்த ஹந்தானை மலைத்தொடரின் பெயரைத் தாங்கிய ‘ஹந்தானை லினக்ஸ்’ ஃபெடோரா என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு இலங்கையில் உருவானது. இணையம் எட்டாத இடத்துக்கும் போய்ச் சேரட்டும் என்று, வேண்டிய மென்பொருள்களை எல்லாம் ஒரே டி.வி.டி.யில் அடைத்துத் தந்தார்கள். அந்த எண்ணம் சரியான எண்ணம். இன்று டி.வி.டி.யின் இடத்தில் பென் டிரைவ், அவ்வளவுதான்.

நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில், பன்னிரண்டாம் தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவி ஒருத்தி இதைத் தானே செய்து பார்க்கக் கிளம்பினாள். கோப்பை இறக்கி, பென் டிரைவில் போட்டு, கணினியில் செருகி, ஒன்றும் நடக்காமல் என்னிடம் கொண்டுவந்தாள்.

“சேர், முழுசா கொப்பி பண்ணிட்டேன். சைஸும் சரியா இருக்கு. ஏன் சேர் பூட் ஆகமாட்டேங்குது?”

“திறந்து காட்டு பிள்ளை.”

திறந்தாள். உள்ளே ஒரே ஒரு கோப்பு, ஐ.எஸ்.ஓ. என்று முடியும் பெயர். இந்த இடத்தில்தான் அநேகம் பேர் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஐ.எஸ்.ஓ. என்பது ஒரு முழு டிஸ்க்கின் படம். அதை ஒரு கோப்பாகப் பென் டிரைவில் வைத்தால், கணினிக்கு அது பாட்டு, படம் போல இன்னொரு கோப்புதான். கணினியைப் போட்டதும் முதலில் விழிப்பது விண்டோஸ் இல்லை. தாய்ப்பலகையில் இருக்கும் ஃபேர்ம்வெயார் என்ற சிறு நிரல். பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுகிற மாதிரி அது ஒவ்வொரு சாதனமாக வரிசையில் கூப்பிட்டுப் பார்க்கும்: ஹார்ட் டிஸ்க் உண்டா, யு.எஸ்.பி. உண்டா, நெட்வேர்க் உண்டா. கூப்பிடும்போது சரியான விதத்தில் பதில் சொல்கிற சாதனத்திடம் வேலையை ஒப்படைத்துவிடும்.

சரியான பதில் இரண்டு விதம். பழைய பயோஸ் கணினி, டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டில் ஒரு குறிப்பிட்ட முத்திரை எண் இருந்தால் ‘இது பூட் ஆகும்’ என்று எடுத்துக்கொள்ளும். 2012க்குப் பிறகு வந்தவற்றில் அநேகமாக யு.இ.எஃப்.ஐ. இருக்கும். அது ஃபேட்32 முறையில் அமைத்த பகுதியைத் தேடி, அதற்குள் ‘ஈ.எஃப்.ஐ.’ என்ற ஃபோல்டர், அதற்குள் ‘பூட்’ என்ற ஃபோல்டர், அதற்குள் குறித்த பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். அந்த மாணவியின் பென் டிரைவில் முத்திரையும் இல்லை, ஃபோல்டரும் இல்லை. அதனால் கணினி அதைத் தாண்டிப் போய்விட்டது. படத்தைப் பிரித்து, பகுதி பகுதியாக அமைத்து, முத்திரையும் போட்டுத் தருவதற்கென்று மென்பொருள்கள் இருக்கின்றன.

விண்டோஸுக்கு மைக்ரோசொஃப்ட்டே தரும் மீடியா கிரியேஷன் டூல் உண்டு. குறைந்தது 8 ஜி.பி. பென் டிரைவ் கேட்கும், அதில் இருப்பதை எல்லாம் அழித்துவிடும், தேவையான கோப்பைத் தானே இறக்கிக்கொள்ளும். வேகமான இணைப்பு இருப்பவருக்கு அது போதும். நம் இடத்தில் பாதியில் அறுந்தால் பட்ட பாடு வீண். ஆகவே ஐ.எஸ்.ஓ.வைத் தனியாக, விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய டவுன்லோட் மென்பொருள் ஒன்றில் இறக்கி வைத்துக்கொண்டு, ரூஃபஸ் என்ற மென்பொருளால் பென் டிரைவில் எழுதுவதே நல்லது. பீட் பட்டார்ட் என்பவர் 2011 முதல் இலவசமாகத் தந்துவரும் சிறிய மென்பொருள் இது. நிறுவக்கூடத் தேவையில்லை, இரட்டைக் கிளிக்கில் திறக்கும்.

ரூஃபஸ் ஒரு சிக்கலையும் தீர்க்கிறது. ஃபேட்32 முறை 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. விண்டோஸின் உள்ளே இருக்கும் நிறுவல் கோப்பு இப்போது அந்த அளவைத் தாண்டிவிட்டது. கையால் கோப்புகளைப் பிரித்துப் போட முயன்றவர்கள் ‘கோப்பு மிகப் பெரியது’ என்ற செய்தியில் முட்டி நிற்பது இதனால்தான். ரூஃபஸ் பெரிய கோப்பை என்.டி.எஃப்.எஸ். பகுதியில் வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன பூட் பகுதியை அமைத்துச் சமாளித்துவிடும். அதில் நீங்கள் கவனிக்க வேண்டிய தெரிவு ஒன்றே ஒன்று, பென் டிரைவைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை: புதிய கணினிக்கு ஜி.பி.டி., பயோஸ் மட்டும் உள்ள பழையதுக்கு எம்.பி.ஆர். இதை மாற்றிப் போட்டால் பென் டிரைவ் நன்றாக இருந்தும் கணினி அதைக் கண்டுகொள்ளாது.

டிவிஷனுக்கு ஒன்று என்று நான் சொல்லும் பென் டிரைவுக்கு வென்டோய் என்ற மென்பொருளைச் சிபாரிசு செய்வேன். அதை ஒருமுறை பென் டிரைவில் நிறுவிவிட்டால், பிறகு ஐ.எஸ்.ஓ.க்களை அந்த மாணவி செய்தது போலவே சும்மா கொப்பி பண்ணிப் போட்டால் போதும். பூட் ஆகும்போது வென்டோயே பட்டியலைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும். 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட், மிகப் பழைய 32 பிட் கணினிக்கு டெபியன் 12 என்று மூன்றையும் வைத்துக்கொள்ளலாம். டெபியனின் 13ஆம் பதிப்பு 32 பிட் கணினிகளில் நிறுவுவதை விட்டுவிட்டதால், அவற்றுக்கு 12ஐ வைத்திருப்பது நல்லது.

பென் டிரைவை எங்கே வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். நடைபாதையில் மலிவாக விற்கும் ‘64 ஜி.பி.’ பலவற்றில் உள்ளே அவ்வளவு இடம் கிடையாது. கணினியிடம் பொய் அளவைச் சொல்லும்படி செய்யப்பட்டவை. கொப்பி ஆகும், அளவும் சரியாகக் காட்டும், நிறுவல் பாதியில் ‘கோப்பு பழுது’ என்று நிற்கும். பிள்ளைகள் தாங்கள்தான் பிழைவிட்டோம் என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். ரூஃபஸில் பழுதான பகுதிகளைச் சோதிக்கும் தெரிவை ஒருமுறை ஓடவிட்டால் இந்தப் போலிகளும் பிடிபடும். நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

இறக்கிய கோப்பையும் சோதிக்க வேண்டும். இதைச் செய்கிறவர்களை நான் மிகக் குறைவாகவே பார்க்கிறேன், அது எனக்குக் கவலை. 2016 பெப்ரவரி 20ஆம் திகதி லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் புகுந்த யாரோ, டவுன்லோட் இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த ஐ.எஸ்.ஓ. ஒன்றைத் தந்துவிட்டார்கள். அன்று இறக்கியவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். காட்டிக்கொடுக்கக்கூடியது கோப்பின் சரிபார்ப்பு எண்தான். இன்று பரவலாகப் பாவிக்கும் ஷா256 முறையில் அது 64 எழுத்து நீளம். ஐ.எஸ்.ஓ.வில் ஒரே ஒரு பைட் மாறினாலும் அந்த எண் முழுவதும் மாறிவிடும். மின்ட்டும் மைக்ரோசொஃப்ட்டும் தங்கள் பக்கத்தில் சரியான எண்ணை வெளியிடுகின்றன. அதை வேறொரு நேரத்தில், வேறொரு இணைப்பில் எடுத்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இரவு முழுக்க அறுந்து அறுந்து இறங்கிய கோப்பு முழுமையாக வந்ததா என்பதையும் இதே எண் சொல்லிவிடும்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமானது. நிறுவல் தொடங்குமுன் கணினியில் இருப்பதை எடுத்து வையுங்கள். கடையில் கொடுத்த லெப்டொப் பளிச்சென்று திரும்பி வந்து, உள்ளே இருந்த கலியாணப் படங்களும் இறந்துபோன அப்பாவின் குரல் பதிவும் போய்விட்டதென்று அழுத குடும்பத்தை எனக்குத் தெரியும். கேட்காமல் அழித்திருந்தார்கள். லயத்து வீட்டு லெப்டொப்பில் படங்கள் மட்டும் இருப்பதில்லை. ஈ.பி.எஃப். படிவங்களின் ஸ்கேன், பிறப்புச் சான்றிதழ், வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய கடவுச்சீட்டுப் பிரதி, எல்லாம் ஒரே காம்பராவில் ஒரே பெட்டியில். ‘டொகியுமென்ட்ஸ்’ ஃபோல்டரை மட்டும் எடுத்தால் போதாது. டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ், டி டிரைவ், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், எல்லாவற்றையும் பாருங்கள். வேறொரு டிஸ்க்கில் போட்டு, அங்கிருந்து இரண்டு மூன்று கோப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த அடி.

நம்மவர்களுக்கு மட்டும் உரிய ஒரு பொருளும் உண்டு: பாமினி எழுத்துரு. பாடசாலைப் பரீட்சைத் தாள்கள், கோவில் கணக்கு, சங்கக் கூட்டக் குறிப்பு என்று இருபது வருடத் தமிழ் நம் கணினிகளில் பாமினியில்தான் கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதைத் திறந்தால், ‘அம்மா’ என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் கீபோர்ட் எழுத்துகளாக நிற்கும். பார்த்தவர்கள் கோப்பு கெட்டுவிட்டதென்று அழித்துவிடுவார்கள். கோப்பு கெடவில்லை. பழைய கணினியின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியையும் எடுத்துப் பென் டிரைவில் வைத்திருந்தால், புதிதாகப் போட்ட இயங்குதளத்தில், லினக்ஸாக இருந்தாலும், நிறுவிப் படிக்கலாம். பிறகு ஆறுதலாக யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கணினியை நிறுத்தி, பென் டிரைவைச் செருகி, திரும்பப் போட்டவுடன் பூட் மெனுவுக்கான விசையைத் தட்ட வேண்டும். டெல், லெனோவோ என்றால் எஃப்12. எச்.பி. என்றால் எஃப்9. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பலவற்றில் அதை முதலில் பயோஸுக்குள் போய் இயக்கிவிட வேண்டும். கம்பனிகள் கழித்த லெப்டொப்களில் சிலவற்றுக்கு பயோஸ் கடவுச்சொல் போட்டே இருக்கும். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது கடையிலேயே பயோஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தென்மேல் பருவக் காற்று வீசும் மாதங்களில் மரம் விழுந்து கரன்ட் போவது நமக்குப் புதிதல்ல. பட்டரி செத்த லெப்டொப்பில் அந்த நாட்களில் நிறுவலைத் தொடங்காதீர்கள்.

எதைப் போடுவது? விண்டோஸ் 11இன் தடையை நீக்கிவிட்டு நிறுவ ரூஃபஸில் ஒரு தெரிவு இருக்கிறது, பலர் செய்கிறார்கள், ஓடவும் ஓடுகிறது. ஆனால் தகுதியில்லாத கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று உறுதி இல்லை என மைக்ரோசொஃப்ட் சொல்லியே வைத்திருக்கிறது. திருத்தம் வேண்டும் என்றுதானே இந்தப் பாடெல்லாம்? குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருளில்தான் சம்பளக் கணக்கு ஓடுகிறது என்ற தோட்ட அலுவலகத்துக்கு வேறு வழியில்லை. அவர்கள் தகுதியான கணினி வாங்குவதே முறை. கிரக் செய்த விண்டோஸ் டிஸ்க்குகளை நூறு, இருநூறு ரூபாய்க்கு வாங்கிப் போடுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று அதை விற்பவருக்கே தெரியாது.

பிள்ளைகள் படிக்கும் கணினிக்கு என் தெரிவு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 4 ஜி.பி. ரெம்மில் நன்றாக ஓடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. உயர்தரத்துக்கு வேண்டிய பைதன் அதிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னையில் சி-டாக் உருவாக்கிய பொஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். பாடசாலைப் பிள்ளைக்கு லினக்ஸ் கடினம் என்பது பழகிப் பார்க்காதவர்கள் சொல்வது.

இன்னொரு நன்மை, நிறுவாமலே பார்க்கலாம். மின்ட் பென் டிரைவிலிருந்தே முழுதாக ஓடும், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. வைஃபை எடுக்கிறதா, சத்தம் வருகிறதா, பழைய பிரின்டர் அச்சடிக்கிறதா என்று அந்த நிலையிலேயே பார்த்துவிட்டு, திருப்தி என்றால் மட்டும் நிறுவுங்கள். சில கணினிகளில் பிரோட்கொம் வைஃபை சில்லு முதலில் எடுக்காது. போனை யு.எஸ்.பி. வயரால் இணைத்து இணையம் கொடுத்தால் அதற்குரிய டிரைவரை மின்ட்டே தேடிப் போட்டுக்கொள்ளும்.

நோர்வூட் மாணவி மறுபடி எழுதிய பென் டிரைவ் பூட் ஆனது. அவளுடைய பாடசாலைக் கணினி அறையில் மூடிவைத்திருந்த இயந்திரங்களை இப்போது அவளும் இரண்டு தம்பிமாரும் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்கிறார்கள். அவள் அடுத்து என்னிடம் கேட்டது கீபோர்ட் பற்றி. அவளுடைய அக்கா ஹட்டனில் தட்டச்சு வகுப்பில் இரங்கநாதன் முறையில் பழகியவர். 2008இல் வந்த எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கைத் தரமும் அந்த விசைப்பலகையைத்தான் ஏற்றது. லினக்ஸில் எம்-17-என் என்ற உள்ளீட்டுத் தொகுப்பை நிறுவினால் இலங்கைத் தமிழுக்கான பட்டியலில் இரங்கநாதன் என்ற பெயரிலேயே அது இருக்கிறது. அதை எங்கே தேடி எப்படிச் சேர்ப்பது, பாமினிக் கோப்புகளை எப்படி யுனிகோடாக்குவது என்பவை அடுத்த வாரம்.

(தொடரும்)